பூஜ்யத்தில் நிற்கும் முள்

பெண்டாட்டியின் எடையைக் குறைக்கத் தராசுக்காரருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான். குறைத்ததைத் திரும்ப ஏற்றுவதற்கு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. போன வாரம் முழுக்க மனிதர் இதே யோசனையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த வாரமும் பொழுது விடிந்துவிட்டது. வழி பிறக்கவில்லை.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ஊரிலிருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்த்து, சோதித்து, ஈயக்குண்டு வைத்துச் சீல் போடுவது அவர் தொழில். பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, தராசுக்காரர் என்றால் குழந்தைக்கும் தெரியும். அவர் மனைவி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். அங்கே எல்லோருக்கும் அவள் மைக் மேடம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், வண்டியைப் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவான்.

அந்தக் குரலில்தான் தராசுக்காரரும் விழுந்தார். கல்யாணத்துக்கு முன்னால், பார்சல் ஆபீஸ் மெஷினைப் பார்க்க வந்தவர் பையை அங்கேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது. "பார்சல் அலுவலகத்திற்கு வந்திருக்கும் தராசு பழுது பார்ப்பவர், தங்கள் கருவிப் பையை மறந்துவிட்டீர்கள். அறிவிப்பு அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்." போனார், வாங்கினார். அதற்கப்புறம் அவர் வேண்டுமென்றே எத்தனை தடவை பையை மறந்தார் என்பதைப் பார்சல்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மேடம் அப்போதே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். மகள் பிறந்து, வயது ஏறி, உட்கார்ந்தே பார்க்கும் வேலையில் உடம்பும் தாராளமாகிவிட்டது. குரலைக் கேட்டு ஆசைப்பட்ட மனுஷன் ஆளைப் பார்த்ததும் ஏமாந்துதான் போயிருப்பார், நல்லவர் என்பதால் வெளியே சொல்லவில்லை என்று அவளுக்குள் ஒரு நினைப்பு. வாய் விட்டுச் சொன்னதில்லை. உறவுக்காரர் வீட்டில் குரூப் ஃபோட்டோ எடுத்த அன்றுதான் அது வெடித்தது.

"அந்த மேடம் கொஞ்சம் சைடா திரும்புங்க. பின்னாடி ரெண்டு பேரு காணாமப் போயிட்டாங்க" என்றான் ஃபோட்டோக்காரன். கூட்டம் சிரித்தது. தராசுக்காரரும் சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாலு பேர் சிரித்தால் வாய் தானாகக் கூடச் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அத்தனை சிரிப்பிலும் அவள் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான்.

அதற்கப்புறம் விளக்கை அணைத்தால்தான் உடை மாற்றுவாள். கட்டிலில் சுவர் ஓரமாக ஒடுங்கிக்கொள்வாள். ஸ்கூட்டரில் ஏற மாட்டாள், "டயர் பாவம்" என்பாள். எழுபதுக்குக் கீழே வந்தால்தான் ஆச்சு என்று வெள்ளரிக்காயையும் வெந்நீரையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். ஒருநாள் மைக்குக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான் தராசுக்காரர் வீட்டு மெஷினைக் குப்புறக் கவிழ்த்துத் திறந்தார்.

தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, முள்ளைத் தொடவில்லை. உள்ளே ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கினார். ஆள் ஏறாதபோது முள் யோக்கியமாகப் பூஜ்யத்தில் நிற்கும். ஆள் ஏறினால்தான் பொய் சொல்லும். கனம் கூடக் கூடப் பொய்யும் கூடும்.

இனி, இன்றைய பொழுது.

"என்னங்க! இங்க வந்து பாருங்களேன்!"

தராசுக்காரர் ஷேவிங் சோப்புடன் எட்டிப் பார்த்தார். மேடம் குளியலறை வாசலில் மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பஸ் நிலையத்துக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அறுபத்தொன்பது!" என்றாள்.

"நல்லது."

"என்ன நல்லது? கரண்ட் பில் பார்த்த மாதிரி சொல்றீங்க. ஒரு வாரமா அசையாம நிக்குது. கேக் சாப்பிட்டேன், அப்பவும் அசையலை. உடம்பு பழகிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"இருக்கும், இருக்கும்."

இறங்கி யூனிஃபார்ம் கோட்டைப் போட்டாள். நடுப் பட்டன் மாட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள், அப்போதும் மாட்டவில்லை. "இந்த வாஷிங் மெஷின் கோட்டைச் சுருக்கியே வெச்சிருச்சு. ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் ஓடி ஓடிப் பார்க்கறீங்க. வீட்ல இருக்கறதை ஒரு தடவை திறந்து பார்த்தா என்ன?"

டீ குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், வயது இருபத்து நாலு, வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"மெதுவா குடி பாப்பா" என்றாள் மேடம். அப்புறம் கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்ல மறந்துட்டேன். உங்க சின்ன ஸ்க்ரூ டிரைவர் பாத்ரூம் ஜன்னல்ல கிடந்துச்சு. எடுத்துப் பையில போட்டுட்டேன். அது எதுக்கு அங்க போச்சு?"

"குழாய் ஒழுகுச்சு."

"குழாய்க்கு ஸ்பேனர்தானே வேணும்?"

"சில குழாய்க்கு இதுவும் வேணும்."

தொழில் விஷயத்தில் அவர் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசுவதில்லை. தலை வாரிக்கொள்ள உள்ளே போனாள். இன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். பஸ் நிலையத்தில் புதிதாகக் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள், பெரிய ஹாலின் நடுவில், மாடி உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடி. இத்தனை வருடம் பின்பக்கத்து இருட்டறையில் உட்கார்ந்து பேசியவள் இன்று முதல் அதற்குள் உட்காரப் போகிறாள். முதலில் கேட்டபோது மாட்டவே மாட்டேன் என்று அழுதிருந்தாள். முள் எழுபதுக்குக் கீழே இறங்கிய மறுநாள், தானே மேலாளரிடம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்தாள். குரலை இறக்கினாள்.

"எங்க கடை மெஷின்ல ஏறினா எனக்கே வீட்டைவிட ஏழு கிலோ கூடக் காட்டுது. அம்மா நிஜத்துல எவ்வளவுப்பா?"

தராசுக்காரர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்பது."

"ஆரம்பிச்சப்ப எழுபத்தெட்டு இல்ல?"

"இப்ப நல்லா சாப்பிடறா இல்லையா? அவ ஏற ஏற நான் இறுக்கிட்டே வந்துட்டேன்."

"ஐயோ அப்பா."

"கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி உண்மைக்குக் கொண்டு வந்துடலாம்னு பார்த்தேன். முள் ஒரு நூல் நகர்ந்துச்சு. அன்னிக்கு முழுக்கப் பச்சைத் தண்ணிதான் குடிச்சா. பயந்து போய் மறுபடி இறுக்கிட்டேன். மெஷினே கெட்டுப் போச்சுன்னு சொல்லிப் பார்த்தேன். 'உங்களால சரி பண்ண முடியாத மெஷினா'ன்னு சிரிக்கறா. நான் என்னதான் பண்றது, சொல்லு."

"சொல்லிடுங்க."

"சொன்னா திரும்பச் சுவர் ஓரம் போயிடுவா. இப்பதான் பாப்பா, கொஞ்ச நாளா வீட்ல சிரிப்புச் சத்தம் கேக்குது."

மகளுக்கு அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. வீடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. "அந்த நம்பரை நம்பித்தான் அவ்வளவு பேர் முன்னாடி போய் உட்காரப் போறாங்க. வேற எங்கேயாவது தெரிஞ்சு அசிங்கமாகறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடணும். மத்தியானம் பிரேக்ல. சரியா?"

"சரி" என்றார்.

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் அவருக்கு இன்னும் வலி இருந்தது. முள் அறுபத்தொன்பதைத் தொட்ட அன்று, "என்னைத் தூக்குங்க பார்ப்போம்" என்று கல்யாணமான புதிதில் கேட்டதுபோலக் கேட்டாள். தூக்கினார். "பூ மாதிரி இருக்கே" என்று சொல்லி, கட்டில் வரைக்கும் கொண்டுபோய் மெதுவாக இறக்கினார். மறுநாளிலிருந்து இடுப்புக்குத் தைலம். மாவு மில்லில் பெரிய மெஷினைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று சொல்லி வைத்திருக்கிறார். தேய்த்துவிட்டதும் அவள்தான்.

சிக்னலில் நின்றபோது அவர் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? ஃபோட்டோ அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க இல்ல, அதை மன்னிச்சுட்டேன்."

தராசுக்காரர் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இருந்த உடம்புக்கு நானே சிரிச்சிருப்பேன். இப்ப நினைச்சா கோபமே வரலை. அடுத்த தடவை ஃபோட்டோ எடுத்தா உங்க பக்கத்துல முன்வரிசையில நிப்பேன், பாருங்க."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுத்தார்.

கண்ணாடி அறைக்கு எதிரே, கீழே, ஒரு நீள பெஞ்சு. அவர் அதில் உட்கார வேண்டும், முதல் அறிவிப்பு முடியும்வரை நகரக் கூடாது என்பது அவள் உத்தரவு. உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

மேலே விளக்கு எரிந்தது. அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டின் நடுப் பட்டன் மட்டும் திறந்திருந்தது. மைக்கை இழுத்து, தொண்டையைச் செருமி, கீழே பெஞ்சைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் வழியாகச் செல்லும் பேருந்து நான்காம் நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

ஹாலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வருடக்கணக்காகக் கேட்ட குரலுக்கு இன்றுதான் முகம் பார்க்கிறார்கள். பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கை ஆட்டினாள். மேடம் வெட்கப்பட்டுத் திருப்பி ஆட்டினாள். தராசுக்காரருக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எண்பது கிலோவிலும் அழகாக இருந்தாள். இதை எப்படிச் சொல்லி இவளை நம்ப வைப்பது என்று தெரியாமல்தானே ஸ்பிரிங்கைப் போய்ப் பிடித்தோம் என்று நினைத்தபோது, உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு அழுகை வந்தது.

காலை முழுக்க அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மளிகைக் கடைகளிலிருந்து ஃபோன் வந்தது, நாளைக்கு வருகிறேன் என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.' வேண்டாம், பயந்துவிடுவாள். 'வீட்டு மெஷின்ல ஒரு சின்ன ரிப்பேர்.' அதுவும் பொய்தான். எங்கே தொட்டாலும் பொய்யில்தான் போய் முட்டியது.

பிரேக் மணி அடித்தது. அவள் படியிறங்குவதைப் பார்த்துவிட்டு, இரண்டு டீ வாங்கக் கடைக்குப் போனார். வாங்கிக்கொண்டு திரும்பினால் பெஞ்சில் அவளைக் காணோம். பார்சல் கவுண்டர் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பார்சல்காரர்தான் வம்பை ஆரம்பித்திருக்கிறார். "என்ன மேடம், கண்ணாடிக்குள்ள பார்த்தா பாதி ஆளாத் தெரியறீங்க. வீட்ல சாப்பாடு போடறதில்லையா எங்க சார்?"

"நிஜமாவே இளைச்சுட்டேன். நம்பலையா? வேணும்னா என்னையும் ஒரு பார்சலா எடை போட்டுப் பாருங்க!"

கவுண்டருக்கு முன்னால் தரையோடு தரையாக அகலமான மெஷின். சுவரில் சிவப்பு எண் காட்டும் பெட்டி. பக்கவாட்டில் ஈயக்குண்டுச் சீல், தராசுக்காரரே போன வாரம் வைத்தது. மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

தராசுக்காரர் ஓடினார். டீ கையெல்லாம் கொட்டிச் சுட்டது. தோளில் தொங்கிய பையைக் கவுண்டரில் போட்டார்.

"ஏறாதே!"

ஒரு கால் மெஷின் மேல் இருக்க, அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன்?"

என்ன சொல்வார் பாவம். காலையிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் கைகொடுக்கவில்லை. "அந்த மெஷின் சரியில்ல" என்றார்.

பார்சல்காரரின் சிரிப்பு நின்றுபோனது. "சார், போன வாரம்தானே நீங்களே சீல் வெச்சீங்க?"

"தப்பா வெச்சுட்டேன்."

"என்ன சார் இது, ஒரு வாரமா இதுலதான் ஊர்ப்பட்ட பார்சலும் போட்டுட்டு இருக்கேன். தப்புன்னா கவுண்டரையே மூடணுமே."

"மூடிடுங்க."

மேடம் கணவரின் முகத்தையே பார்த்தாள். இந்த மனுஷன் சொந்த மைத்துனன் கடைத் தராசுக்குச் சீல் தர மாட்டேன் என்று சொல்லி, அந்த வீட்டில் இவளுக்கே பேச்சு வார்த்தை இல்லாமல் பண்ணியவர். தன் சீல் இருக்கும் மெஷினை எவனாவது தப்பு என்று சொன்னால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிப் போய் நிரூபித்துவிட்டு வருவார். அவர் தானாகவே, இரண்டு கையிலும் டீ வழிய, என் மெஷின் தப்பு என்கிறார்.

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எண்ணைப் பார்க்கும் முன்பே புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு காலையும் எடுத்து வைத்தாள்.

சிவப்பு எண் ஓடி, தடுமாறி, நின்றது. எண்பது, புள்ளிக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம்.

பார்சல்காரர் கயிற்றுக் கண்டை எடுத்துப் பிரித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

மேடம் இறங்கினாள். "அந்த இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து வைங்க" என்றாள். பார்சல்காரர் வைத்தார். சிவப்பு எண் இருபதில் நின்றது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. கவுண்டரை மூட வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நடந்தாள். தராசுக்காரர் பின்னாலேயே போனார்.

"வீட்டு மெஷினை எப்பலேர்ந்து?"

"நீ மயங்கி விழுந்தியே, அன்னிக்கு."

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் டீ ஈரத்தைச் சட்டையில் துடைத்தார்.

"தெரியும். அதான் காலையில புரையேறுச்சு." கோட்டின் திறந்த பட்டனைக் கையால் மூடிக்கொண்டாள். "வாஷிங் மெஷினைப் போய்த் திட்டிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் கேட்டுட்டு நின்னீங்க."

"உன்னைக் கேலி பண்ணலைம்மா. சத்தியமா. நீ சாப்பிடணும்னுதான் பண்ணேன்."

"என்னைத் தூக்கினீங்களே, பூ மாதிரி இருக்கேன்னு சொன்னீங்களே?"

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"மறுநாள் இடுப்புக்குத் தைலம் தேய்ச்சு விட்டேன். மாவு மில்லுல மெஷின் தூக்கினேன்னு சொன்னீங்க." அவர் இடுப்பைப் பார்த்தாள். "அந்த மெஷின் நான்தானா?"

தராசுக்காரர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். இனிமேல் எதைச் சொன்னாலும் அது பொய்க் கணக்கில்தான் சேரும் என்று தோன்றி, மூடிக்கொண்டார்.

"எண்பதுன்னு தெரிஞ்சேதான் இத்தனை நாள் பக்கத்துல படுத்தீங்களா?"

"ஆமா. எனக்கு எந்த நம்பரும் வேண்டாம். நீ இருந்தா போதும்."

"அப்படின்னா எதுக்குக் குறைச்சுக் காட்டினீங்க?"

"வாயால சொன்னேனே, நீ நம்பலையே. முள் சொன்னா நீ நம்புவேன்னு..."

"முள்ளு சொன்னதை நம்பினேன். நீங்க தொட்டதையும் நம்பினேன். விளக்கைக்கூட அணைக்கலை நான்." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. ஊரே மயங்கும் குரல், உடைந்தால் கேட்கச் சகிக்கவில்லை. "இப்ப எது நிஜம், எது எனக்காகப் பண்ணதுன்னு நான் எப்படிங்க பிரிச்சுப் பார்ப்பேன்?"

இருபது கிலோவுக்குக் கல் இருக்கிறது, வைத்துக் காட்டிவிடலாம். இதற்கு எதை வைத்துக் காட்டுவது? அவள் கையைப் பிடிக்கப் போனார். டீ பட்ட கை பிசுபிசுத்தது. அவள் நகர்ந்துகொண்டாள்.

மணி அடித்தது. பிரேக் முடிந்துவிட்டது.

"போய் வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கண்ணாடி அறைக்குப் போகும் படிக்கட்டைத் தாண்டி, பழைய இருட்டறைக்குப் போகும் பின்பக்கத்து நடையில் திரும்பினாள்.

தராசுக்காரர் வந்து பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தார். வேறு எங்கே போவார்? மேலே கண்ணாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

ஃபோன் அடித்தது. மகள்தான். "என்னப்பா, சொல்லிட்டீங்களா?"

"அவளே பார்த்துட்டா. பார்சல் மெஷின்ல ஏறி."

மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. "நான் அம்மாகிட்ட பேசட்டுமா?"

"உனக்கும் தெரியும்னு கண்டுபிடிச்சுட்டா."

"ஐயோ" என்றாள். அப்புறம் மெதுவாக, "வீட்டுக்கு வருவாங்கல்ல?" என்றாள். எத்தனை வயதானாலும் பாப்பாதான்.

"வருவா" என்றார். அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. பஸ்களை அவள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டாள். ஒரு எழுத்து பிசகவில்லை. கை ஆட்டிய அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காலிக் கண்ணாடி அறையை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி தன் வண்டிக்குப் போனாள். குரல் எல்லாத் தூணிலிருந்தும் வந்தது. ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முதன்முதலில் இங்கே வந்த அன்று அவருக்கும் இப்படித்தான், வெறும் குரல் மட்டும் கிடைத்தது.

அப்போது ஒலிபெருக்கி இதைச் சொன்னது.

"பார்சல் அலுவலகத்திற்கு வந்திருக்கும் தராசு பழுது பார்ப்பவர், தங்கள் கருவிப் பையை மறந்துவிட்டீர்கள்."

தராசுக்காரர் எழுந்தே விட்டார். காலடியில் பை இல்லை. ஓடி வந்த அவசரத்தில் கவுண்டரில் போட்டது, இந்தத் தடவை நிஜமாகவே மறந்திருந்தார். கூப்பிடுகிறாள், பழைய மாதிரியே கூப்பிடுகிறாள் என்று பின்பக்கத்து நடையை நோக்கி நாலு எட்டு வைத்தும் விட்டார்.

"பார்சல் அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்ளவும். அறிவிப்பு அறைக்கு வர வேண்டாம்."

நின்றார். ஹாலின் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போக, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் திரும்பிக் கவுண்டருக்கு நடந்தார்.

பார்சல்காரர் முகத்தைப் பார்க்காமல் பையை நகர்த்தினார். "சரியா இருக்கான்னு பார்த்துக்குங்க சார். மேடம் கொஞ்சம் முன்னாடி வந்து ஒண்ணை எடுத்துட்டுப் போனாங்க."

பையைத் திறந்தார். ஸ்பேனர் இருந்தது, குறடு இருந்தது, ஈயக்குண்டு டப்பா இருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் காணோம்.

"எந்தப் பக்கம் திருப்பினா ஸ்பிரிங் தளரும்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கென்ன மேடம் தெரியும், சாரையே கேளுங்கன்னேன்."

"என்ன சொன்னா?"

பார்சல்காரர் கயிற்றை அறுத்து, அடுத்த பெட்டியை மெஷின் மேல் இழுத்து வைத்தார்.

"அவர் சொன்னா நம்ப முடியாதுன்னாங்க சார்."